பழைய லாரியில் குறைந்த செலவில் ஒலியமைப்பு

பழைய லாரியின் ஒலியமைப்பை மேம்படுத்துதல் என்பது, பல ஆண்டுகள் ஓடிய சரக்கு வண்டியின் கேபினில் உள்ள டேப், ஸ்பீக்கர், ஒயரிங் ஆகியவற்றை மாற்றியோ சீர்செய்தோ, பாட்டும் பேச்சும் தெளிவாகக் கேட்கும்படி செய்வதாகும். காரில் இது பெரும்பாலும் நல்ல செட்டைத் தேர்ந்தெடுக்கும் வேலை. லாரியில் முதலில் மின்சார வேலை, பிறகுதான் மற்றதெல்லாம். பெரும்பாலான கனரக லாரிகள் 24 வோல்ட்டில் இயங்குகின்றன; கடைகளில் விற்கும் செட்டுகளில் பெரும்பகுதி 12 வோல்ட்டுக்கு உரியவை. இந்த இடைவெளியை எப்படி நிரப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தே பாட்டின் தரமும் பேட்டரியின் ஆயுளும், சில வண்டிகளில் ஏற்றிய சரக்கின் பாதுகாப்பும் அமைகின்றன.

ஊரும் வண்டியும்

மல்லாங்கிணறு, விருதுநகர் மாவட்டம் காரியாபட்டி வட்டத்தில் உள்ள பேரூராட்சி. எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன் பிறந்த ஊர் என்ற வகையில் வாசகர்களுக்குப் பெயர் தெரிந்த இடம். சுற்றியுள்ளது மானாவாரிக் காடு; மழை குறைவு, வெயில் அதிகம். தென்மேற்கே விருதுநகரைத் தாண்டினால் சிவகாசி: தீப்பெட்டி, பட்டாசு, காலண்டர் அச்சு என்று மூன்று தொழில்களும் லாரியை நம்பி நிற்கும் பகுதி. விருதுநகர் மிளகாய்க்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் பேர்போன சந்தை. அங்கிருந்து சரக்கு வடக்கே மதுரைப் பக்கமும் தெற்கே திருநெல்வேலிப் பக்கமும் தேசிய நெடுஞ்சாலை 44 வழியாகப் போகிறது.

இத்தகைய பகுதிகளில் நெடுந்தூர ஓட்டத்துக்குப் புது வண்டிகள் போக, பக்கத்து ஊர் நடைகளுக்கும் கட்டுமானப் பொருளுக்கும் ஓடுபவை பெரும்பாலும் வயதான வண்டிகள். புதிதாக உற்பத்தியாகும் நடுத்தர, கனரக லாரிகளுக்குக் குளிரூட்டிய கேபின் கட்டாயம் என்று மத்திய அரசு விதி செய்துள்ளது. அதற்கு முந்தைய வண்டிகளுக்கு அது பொருந்தாது. ஆகவே பழைய லாரி என்றால் இன்னும் பல ஆண்டுகளுக்குக் கண்ணாடி இறக்கிய கேபின், பக்கத்தில் எஞ்சின், காற்றிரைச்சல், அதற்குள் ஒரு பாட்டு என்பதுதான் பொருள்.

அந்தப் பாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டு லாரிகளில் டேப் பரவலானது கேசட் காலத்தில். ‘அன்னக்கிளி’ வெளிவந்த 1976-க்குப் பின் இளையராஜாவின் பாடல்கள் இசைத்தட்டிலிருந்து கேசட்டுக்கு இடம்பெயர்ந்த ஆண்டுகளும், டேப் மலிவான ஆண்டுகளும் ஏறத்தாழ ஒன்றே. நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களில் பாடி கட்டும் பட்டறைகள் வெறும் சேசிஸில் கேபினை எழுப்பியபோதே ஸ்பீக்கருக்கு இடம் விட்டுக் கட்டும் பழக்கமும் வந்தது. முன்கண்ணாடிக்கு மேலே பலகையில் இரண்டு ஓட்டை, அல்லது இருக்கைக்குப் பின்சுவரில் இரண்டு மரப்பெட்டி. இன்று யூஎஸ்பி, ப்ளூடூத் செட் வைக்கப் போகிறவர் திறந்து பார்ப்பது பெரும்பாலும் அந்தக் காலத்து ஒயர்களைத்தான். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

12-ஆ, 24-ஆ

டாடா ஏஸ் போன்ற சிறு சரக்கு வண்டிகளும் பிக்கப்புகளும் 12 வோல்ட் வண்டிகள். அவற்றில் கார் செட்டை நேரடியாகவே பொருத்தலாம். கனரக லாரியில் வழக்கமாக இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக, அதாவது ஒன்றின் நேர்முனை மற்றதன் எதிர்முனையோடு சேரும்படி, இணைக்கப்பட்டு 24 வோல்ட் கிடைக்கிறது. பேட்டரிப் பெட்டியில் இரண்டு இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது; இரண்டும் இணையாக இருந்தால் 12 வோல்ட்தான். மல்டிமீட்டரில் இரு கடைசி முனைகளுக்கும் நடுவே அளந்தால் ஐயம் தீரும். எஞ்சின் ஓடாதபோது 25-ஐ ஒட்டியும், ஓடும்போது 28-ஐ ஒட்டியும் காட்டினால் அது 24 வோல்ட் வண்டி.

நடுவிலிருந்து ஒயர் எடுப்பது

லாரிகளில் மிகப் பரவலாக இருக்கும் தவறு இதுதான். மிக எளிதாக இருப்பதால்தான் இவ்வளவு பரவியிருக்கிறது. இரண்டு பேட்டரிகளும் சேரும் நடுப்பட்டையில் ஓர் ஒயரைச் சொருகினால், அதற்கும் பாடிக்கும் இடையே 12 வோல்ட் கிடைக்கிறது. செலவு ஓர் ஒயர் மட்டுமே. செட்டும் பாடுகிறது. பொருத்தியவர் போய்விடுகிறார். நான்கைந்து மாதம் கழித்துக் காலையில் செல்ஃப் எடுக்காது. அப்போது பழி பேட்டரிக் கம்பெனி மேல் விழும்.

நடப்பது இதுதான். தொடராக இணைந்த இரண்டு பேட்டரிகள் வழியாகவும் ஆல்டர்னேட்டர் அனுப்பும் மின்னோட்டம் ஒரே அளவுதான். ஆனால் பாட்டுக்குச் செலவாவது கீழ் பேட்டரியிலிருந்து மட்டும். கீழ் பேட்டரி ஒருபோதும் முழுதாக நிறைவதில்லை. ஆல்டர்னேட்டருக்கு இரண்டும் தனித்தனியாகத் தெரியாது. மொத்தம் 28 வோல்ட் வந்தால் அதற்குப் போதும். அந்த 28-ஐ இரண்டும் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு 14. கீழது காலியாக இருந்து 13.2-இல் நின்றால், மேலது 14.8-க்குத் தள்ளப்படுகிறது. 14.4-க்கு மேல் நீண்ட நேரம் இருக்கும் ஈய அமில பேட்டரி கொதித்துத் தண்ணீரை இழக்கும். ஆகவே ஒன்று பட்டினியாலும் மற்றது அதிகம் ஊட்டப்பட்டும் கெடுகின்றன. டிஸ்டில்டு வாட்டர் ஒரு பேட்டரி மட்டும் அடிக்கடி கேட்கிறது என்றால், நடுவில் யாரோ ஒயர் எடுத்திருக்கிறார்கள் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கேட்கும் பேட்டரி பாட்டுக்குக் கொடுக்கும் பேட்டரி அல்ல, அதன் ஜோடி. இதைப் புரிந்துகொள்ளாமல் தண்ணீர் குடிக்கும் பேட்டரியை மட்டும் மாற்றுபவர்கள் உண்டு. பழையதோடு புதியதை ஜோடி சேர்த்தால் ஏற்றத்தாழ்வு இன்னும் கூடும்.

பாட்டு செட் எடுப்பது சில ஆம்பியர்தானே என்று கேட்கலாம். சராசரி 3 ஆம்பியர் என்று வைத்தால், 8 மணி நேரத்தில் 24 ஆம்பியர்-மணி. ஓர் ஆளின் தூக்க நேரம், ஒரு லோடு இறங்கும் காத்திருப்பு, இரவு நிறுத்தம் எல்லாவற்றிலும் பாட்டு ஓடினால் பெரிய பேட்டரிக்கும் இது சிறு தொகை அல்ல.

கன்வர்ட்டர்

சரியான வழி, இரண்டு பேட்டரியிலும் சமமாக, அதாவது முழு 24 வோல்ட்டிலிருந்தே எடுத்து, அதை 12-ஆக இறக்கும் கன்வர்ட்டரை இடையில் வைப்பது. இதில் இரண்டு வகை. பழைய வகை, உபரி வோல்ட்டைச் சூடாக்கி வீணாக்கும். வண்டி ஓடும்போது 28-ஐ 13.8-ஆக இறக்கி 5 ஆம்பியர் கொடுத்தால், 14.2-ஐ 5-ஆல் பெருக்க வரும் 71 வாட் முழுவதும் வெப்பம். அதாவது ஒரு பழைய குண்டு பல்பை டேஷ்போர்டுக்கு அடியில் எரியவிட்டதற்குச் சமம். புதிய வகை மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி இறக்குகிறது. வீண் 10 முதல் 15 விழுக்காட்டுக்குள் அடங்கும். எடையைப் பார்த்து ஏமாறக் கூடாது. கனமாக, பெரிய அலுமினியத் துடுப்புகளோடு இருப்பது பழைய வகையாகவும் இருக்கலாம்.

செட்டின் பின்புறம் 10 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால் கன்வர்ட்டரும் தொடர்ந்து 10 ஆம்பியர் கொடுக்கக்கூடியதாக வேண்டும். பெட்டி மேல் அச்சிட்ட எண் சில வேளைகளில் ஒரு கணம் மட்டும் தாங்கும் உச்ச அளவாக இருக்கும். மலிவுப் பொருளில் அச்சிட்டதில் பாதியை நம்புவது நல்ல வழக்கம். லாரியின் மின்சாரமும் சாதுவானது அல்ல. ஓடும் எஞ்சினில் பேட்டரி முனை தளர்ந்து கழன்றால் ஆல்டர்னேட்டரின் வோல்ட் ஒரு கணம் 100-ஐயும் தாண்டித் துள்ளும். அந்தத் துள்ளலைத் தாங்காத கன்வர்ட்டர் செத்தால், சில வகைகளில் உள்ளே வந்த 24 வோல்ட்டும் அப்படியே செட்டுக்குப் போய்விடும். பேட்டரி முனைகளை இறுக்குவதும் ஒலியமைப்பு வேலையின் ஒரு பகுதி என்று சொல்வது இதனால்தான்.

கன்வர்ட்டரை எங்கே வைப்பது என்பதற்கு இந்த வட்டாரத்தின் வெயிலையே கேட்க வேண்டும். எஞ்சின் மூடியின் மேலோ அதை ஒட்டியோ வைக்கக் கூடாது. துணி, பில் புத்தகம், சாப்பாட்டுப் பை குவியும் இடத்திலும் கூடாது. காற்று படும் உலோகச் சுவரில், ரப்பர் வாஷர் வைத்து, நட்டு போல்ட்டால் பொருத்த வேண்டும். மர ஸ்குரு அதிர்வில் ஒரு மாதம்கூடத் தாங்காது.

கன்வர்ட்டர் சும்மா இருந்தாலும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். 50 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி. ஒரு வாரம் ஷெட்டில் நிற்கும் வண்டிக்கு இது பொருட்டு. ஆகவே சாவியால் இயங்கும் ரிலே வழியாகவே கன்வர்ட்டருக்கு மின்சாரம் போக வேண்டும். செட்டின் மஞ்சள் ஒயர் நினைவுக்கு, சிவப்பு சாவிக்கு, கறுப்பு எர்த்துக்கு என்பது பொதுவான ஏற்பாடு. ரிலே வைத்தால் மஞ்சளும் சிவப்பும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு முறையும் கடிகாரம் அழியும், ஸ்டேஷன் அழியலாம். நிற்கும் வண்டியில் பேட்டரி இறங்காமல் இருப்பதற்கு இந்த விலையைக் கொடுக்கலாம்.

12, 24 இரண்டிலும் ஓடும் என்று எழுதிய செட்டுகளும் கிடைக்கின்றன. அப்படி ஒன்று வாங்கினால் கன்வர்ட்டர் செலவு மிச்சம். எழுத்து பெட்டி மேல் மட்டும் இருக்கிறதா, செட்டின் முதுகிலும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நலம்.

ஒயரும் ஃபியூஸும்

தாமிர ஒயர் 1 சதுர மில்லிமீட்டர் தடிமனில் மீட்டருக்கு 0.017 ஓம் தடை தரும். பேட்டரிப் பெட்டியிலிருந்து டேஷ்போர்டுக்கு 4 மீட்டர் என்றால் போக வர 8 மீட்டர், 0.14 ஓம். 10 ஆம்பியர் ஓடும்போது 1.4 வோல்ட் வழியிலேயே தொலைந்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அந்த இழப்பு 0.55 வோல்ட். சத்தம் கூட்டினால் செட் அணைந்து அணைந்து எரிவது, டமாரம் விழும்போது விளக்கு மங்குவது ஆகிய இரண்டும் பெரும்பாலும் செட்டின் நோய் அல்ல, மெல்லிய ஒயரின் நோய். பாடி எர்த்தும் அப்படியே. பெயிண்டின் மேல் முறுக்கிய எர்த் எர்த்தே அல்ல. சுரண்டி வெள்ளை உலோகம் தெரிந்த பிறகு லக் வைத்து முடுக்க வேண்டும்.

ஃபியூஸ் செட்டைக் காப்பாற்ற என்று பலர் நினைக்கிறார்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் வைக்கும் ஃபியூஸ் ஒயரைக் காப்பாற்ற. லாரி பேட்டரிகள் செல்ஃப் மோட்டாரைச் சுழற்றுவதற்காகச் செய்யப்பட்டவை. நூற்றுக்கணக்கான ஆம்பியரை நொடியில் கொட்டும். பேட்டரியிலிருந்து புறப்பட்ட ஒயர் சேசிஸின் கூர்விளிம்பில் உரசி உறை கிழிந்தால், அந்த ஒயர் சில நொடிகளில் பழுத்து, மேலுறை எரியும். அதைத் தடுக்கக்கூடியது பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்த ஃபியூஸ் மட்டுமே. செட்டின் முதுகில் இருக்கும் ஃபியூஸுக்கு இந்த விபத்து தெரியவே தெரியாது. ஷார்ட் ஆன இடத்துக்கு அது மறுபுறம் இருக்கிறது.

அளவுக் கணக்கு எளிது. 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 120 வாட். கன்வர்ட்டரின் வீணையும் சேர்த்தால் 140. அதை 24-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 6 ஆம்பியர். ஆகவே பேட்டரிப் பக்கம் 10 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அது எரிந்தால் காரணம் தேட வேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டிச் செருகும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. அப்படிச் செய்தவர் ஃபியூஸைப் பெரிதாக்கவில்லை, ஒயரையே ஃபியூஸ் ஆக்கிவிட்டார்.

ஒயர் போகும் வழியெங்கும் பிளாஸ்டிக் குழாய் உறை, இரும்புத் தகட்டைக் கடக்கும் ஓட்டையில் ரப்பர் புஷ், அரை மீட்டருக்கு ஒரு கட்டு. சாதாரண ஒயரின் மேலுறை 70 டிகிரி வெப்பத்துக்கானது. சைலன்ஸர் பைப் பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் வெயிலில் பசை இளகி அவிழும். லக் அழுத்தியோ சாலிடர் செய்து உறை மாட்டியோ இணைப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

பழைய ஸ்பீக்கர் ஒயரை நம்பக் கூடாது

கேசட் டேப்பை எடுத்துவிட்டுப் புது செட் வைக்கும்போது பலருக்குத் தெரியாத ஒரு கண்ணி இருக்கிறது. பல பழைய டேப்புகளில் ஸ்பீக்கரின் ஒரு முனை நேராகப் பாடி எர்த்தில் இருக்கும். ஸ்பீக்கருக்கு ஓர் ஒயர்தான் போகும். புதிய செட்டுகளில் ஸ்பீக்கரின் இரு முனைகளுமே உயிருள்ளவை. எதையும் எர்த்தில் தொடவிடக் கூடாது. பழைய ஒயரிங்கிலேயே மாட்டினால் செட்டின் உள் சிப் சூடாகும், ஒலி சிதையும், அல்லது முதல் நாளே போய்விடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரட்டை ஒயர் புதிதாக இழுப்பதே வழி.

இரட்டை ஒயரில் நேர், எதிர் மாறாமல் பார்க்க வேண்டும். ஒன்று நேராகவும் மற்றது தலைகீழாகவும் இருந்தால் ஒரு கோன் முன்னே வரும்போது மற்றது பின்னே போகும். கனத்த ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். 1.5 வோல்ட் சாதாரண செல்லை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டால், சரியாக இருந்தால் கோன் வெளியே துள்ளும். செலவில்லாத சோதனை.

வாட் என்னும் எண்

செட்டின் பெட்டியில் 4×50 வாட் என்று அச்சிட்டிருக்கும். 14.4 வோல்ட் மட்டுமே உள்ளே வரும் ஒரு சிப்பால், எந்த வித்தையும் இல்லாமல், 4 ஓம் ஸ்பீக்கரில் உச்சமாக 12 வோல்ட் அளவே ஆட்ட முடியும். 12-இன் வர்க்கம் 144. அதை 8-ஆல் வகுத்தால் 18 வாட். டிடிஏ 7388 போன்ற பரவலான சிப்களின் சுத்தமான வெளியீடு இந்த அளவில்தான் இருக்கிறது. அச்சிட்ட 50, அலை சதுரமாகச் சிதைந்த நிலையில் ஒரு கணம் வருவது. ஆக, இரண்டாயிரம் ரூபாய் செட்டுக்கும் ஆறாயிரம் ரூபாய் செட்டுக்கும் சத்தத்தில் பெரிய வேறுபாடு இருக்காது. வேறுபாடு ரேடியோ பிடிப்பிலும், பொத்தானின் உறுதியிலும், ப்ளூடூத் அறுபடாமல் ஓடுவதிலும் இருக்கும்.

18 வாட் போதுமா என்றால் ஸ்பீக்கரைப் பொறுத்தது. ஸ்பீக்கரின் முதுகில் அல்லது பெட்டியில் ‘சென்சிட்டிவிட்டி’ என்று ஓர் எண் டெசிபெல்லில் இருக்கும். கடைக்காரர் வாட்டைத்தான் காட்டுவார். பார்க்க வேண்டியது இதை. 3 டெசிபெல் கூடுவது வாட்டை இரட்டிப்பதற்குச் சமம். 92 டெசிபெல் ஸ்பீக்கர் 18 வாட்டில் தரும் சத்தத்தை, 86 டெசிபெல் ஸ்பீக்கர் தர 72 வாட் வேண்டும். தனி ஆம்ப்ளிஃபையர், அதற்குத் தடித்த ஒயர், பெரிய கன்வர்ட்டர் என்று போகும் செலவு முழுவதையும் இந்த ஓர் எண்ணைப் பார்த்து வாங்கினால் தவிர்க்கலாம்.

எஞ்சினோடு போட்டி

சப்வூஃபர் மீது ஆசை இருப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கலாம். அசோக் லேலண்ட், டாடா பழைய லாரிகளில் பரவலான ஆறு சிலிண்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 1,800 சுற்றில் ஓடும்போது நொடிக்கு 30 சுற்று. ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. ஆக நொடிக்கு 90 வெடிப்பு, அதாவது 90 ஹெர்ட்ஸ். பாட்டின் பேஸ் ஒலி வசிக்கும் இடமும் அதுவே. எஞ்சின் ஓயாமல் வாசிக்கும் சுருதியில் அதைவிடப் பலமாக வாசித்துக் காட்டுவது 18 வாட்டால் ஆகாது. 200 வாட் போட்டாலும் கேட்பது கேபின் தகட்டின் அதிர்வுதான். இளையராஜா பாடல்களின் பேஸ் கிட்டாரை ஓடும் லாரியில் கேட்டவர் அரிது. அது டீக்கடையில் வண்டியை அணைத்த பிறகு கிடைக்கும் இன்பம்.

மனிதக் குரல் பெரும்பாலும் 300 முதல் 3,000 ஹெர்ட்ஸ் வரை. எஞ்சின் இரைச்சல் அங்கே குறைந்திருக்கிறது. குறைந்த செலவில் நல்ல பலன் கிடைக்கும் இடமும் அதுதான். சிறு ட்வீட்டர் நடுவில் அமைந்த 6 அல்லது 6.5 அங்குல ஸ்பீக்கர் ஒரு ஜோடி போதும். நான்கு மலிவு ஸ்பீக்கரை விட இரண்டு நல்ல ஸ்பீக்கர் மேல். செட்டில் பேஸைக் குறைத்து நடு ஒலியைச் சற்றுக் கூட்டினால் சொல் தெளியும். சிப்புக்கும் சுமை குறையும்.

ஸ்பீக்கர் ஓட்டுநரின் காதுக்கு அருகே இருப்பது பெரிய லாபம். வெட்டவெளியில் தூரம் பாதியானால் 6 டெசிபெல் கூடும். சுவர் சூழ்ந்த கேபினில் அவ்வளவு கிடைக்காது, ஆனாலும் கணிசம். பழைய பட்டறைகள் முன்கண்ணாடிக்கு மேலே வைத்தது அறிவோடு செய்த வேலை. கதவில் வைப்பது கார் பழக்கம். லாரிக் கதவின் மெல்லிய தகடு தானே பாடத் தொடங்கும்.

ஸ்பீக்கரை ஓட்டை போட்ட தகட்டில் அப்படியே தொங்கவிட்டால் முன் ஒலியும் பின் ஒலியும் கலந்து கெடும். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 10 முதல் 15 லிட்டர் கொள்ளளவு மூடிய பெட்டி, உள்ளே கொஞ்சம் பஞ்சு, மூலைகளில் பெவிகால் பூசி இறுக்கம். உள்ளூர் தச்சர் அரை நாளில் செய்துவிடுவார். கேபின் தகடு அதிரும் இடங்களில் பழைய ரப்பர் மேட்டை ஒட்டினால் பாட்டும் தெளியும், வண்டிச் சத்தமும் குறையும். கதவு ரப்பர் பீடிங்கை மாற்றுவதும் அப்படித்தான். இரைச்சலை 3 டெசிபெல் இறக்குவது ஆம்ப்ளிஃபையரை இரட்டிப்பதற்குச் சமம் என்பதால், பீடிங் வாங்கும் பணத்தையும் ஒலியமைப்புக் கணக்கில் எழுதலாம்.

கீச்சும் கரகரப்பும்

ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க ஏறும் மெல்லிய ஊளை ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. பெரும்பாலும் செட்டின் எர்த்தும் ஆம்ப்ளிஃபையரின் எர்த்தும் வெவ்வேறு இடங்களில் இருப்பதே காரணம். இரண்டையும் ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்தால் அடங்கும். கன்வர்ட்டரின் தொந்தரவு வேறு விதம். அது எஃப்எம்மில் கரகரப்பாகக் கேட்கும். சூரியன் 93.5, ஹலோ 106.4 போன்ற மதுரை நிலையங்கள் ஊரை விட்டு விலக விலக ஏற்கனவே மெலிந்து வரும்; அதன் மேல் இதுவும் சேர்ந்தால் கேட்க முடியாது. கன்வர்ட்டரையும் ஆண்டெனா ஒயரையும் கேபினின் எதிரெதிர் பக்கங்களில் வைப்பது, ஆண்டெனாவின் அடிப்பகுதி பாடியை நன்றாகத் தொடும்படி துருவைச் சுரண்டுவது ஆகிய இரண்டிலேயே பெரும்பகுதி சரியாகும்.

பணத்தைப் பங்கிடுதல்

கையில் இருப்பது 5,000 ரூபாய் என்றால், வழக்கமாக 3,500 செட்டுக்கும் 1,500 ஸ்பீக்கருக்கும் போய், ஒயருக்கு ஒன்றும் மிஞ்சாது. பேட்டரியைப் பாழாக்கும் வழி இது. மேலே சொன்ன கணக்குகளின்படி பார்த்தால் ஒயர், ஃபியூஸ், ரிலே, கன்வர்ட்டர் ஆகியவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கு, ஸ்பீக்கருக்கும் பெட்டிக்கும் இன்னொரு பங்கு, மிஞ்சியதில் எளிமையான செட் என்பது ஏற்ற வரிசை. பணம் முழுதாகச் சேரவில்லை என்றால் முதல் மாதம் ஒயரிங்கை மட்டும் செய்து, பழைய செட்டையே அதில் மாட்டலாம். அதிலேயே ஒலி தெளிந்து, புது செட் வேண்டாம் என்று நின்றவர்களும் உண்டு.

பழைய பொருள் வாங்குவதில் ஸ்பீக்கருக்குத் துணியலாம்: கோனை மெல்ல அழுத்திப் பார்த்து உரசல் இல்லையென்றால், ரப்பர் ஓரம் கிழியவில்லையென்றால் வாங்கலாம். பழைய கன்வர்ட்டரை வாங்கக் கூடாது. அதன் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் எத்தனை கோடை பார்த்தன என்று வெளியிலிருந்து தெரியாது.

பட்டாசு, தீப்பெட்டி ஏற்றும் வண்டிகள்

இந்தியச் சட்டத்தில் பட்டாசு 7-ஆம் வகுப்பு வெடிபொருள். 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் கீழ் வந்த வெடிபொருள் விதிகள், 2008 அதைத் தயாரிப்பது முதல் சாலையில் கொண்டுசெல்வது வரை கட்டுப்படுத்துகின்றன. நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு இவற்றைச் செயல்படுத்துகிறது. அதற்குச் சிவகாசியிலும் அலுவலகம் உண்டு. வெடிபொருளுக்கென உரிமம் பெற்ற வண்டியில் மின் ஒயரிங்கும் அந்த ஒப்புதலின் பகுதி என்பதால், உரிமையாளரோ ஓட்டுநரோ தாமாக ஒரு செட்டுக்கு ஒயர் இழுப்பது பொருந்தாது. ஒப்புதல் தந்த அமைப்பிடம் கேட்ட பிறகே தொட வேண்டும்.

தீப்பெட்டி, அதற்கான மெழுகு, அட்டை, காகிதக் கட்டு ஆகியவற்றை ஏற்றும் சாதாரண லாரிகளுக்கும் இதே கவனம் தேவை. தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. உராய்வும் சூடும் அதற்குப் போதும். இவ்வண்டிகளில் மூன்று கட்டுப்பாடுகளை ஓட்டுநர்கள் தாமே வைத்துக்கொள்வது நல்லது. ஒலியமைப்பின் எந்த ஒயரும் கேபினின் பின்சுவரைத் தாண்டிச் சரக்குப் பெட்டிக்குள் போகக் கூடாது. பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் செட்டின் ஒயரும் அந்தச் சுவிட்சுக்கு அப்பாலிருந்தே எடுக்கப்பட வேண்டும். நேரடியாகப் பேட்டரியில் மாட்டினால் சுவிட்சை அணைத்த பிறகும் ஓர் உயிருள்ள ஒயர் வண்டியில் ஓடிக்கொண்டிருக்கும். லோடு ஏற்றி இறக்கும்போது அந்தச் சுவிட்ச் அணைந்தே இருக்க வேண்டும். பாட்டு அப்போது நின்றுபோகும் என்பது லோடுமேன்களுக்குக் குறைதான். அவர்கள் கைபேசியில் கேட்பதையும் ஏற்றுமிடத்தில் அனுமதிக்க முடியாது.

காதும் ஹாரனும்

பழைய டீசல் லாரியின் கேபினில் இரைச்சல் 80 டெசிபெல்லைத் தாண்டுவது சாதாரணம். பாட்டு கேட்க வேண்டுமானால் அதற்கு மேல் போக வேண்டும். அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரைப்படி 85 டெசிபெல்லில் ஒரு நாளில் 8 மணி நேரம். 88-இல் 4 மணி. 91-இல் 2 மணி. கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் ஒலிமானிச் செயலியை, வண்டி ஓடும்போது உடன் வருபவர் ஓட்டுநரின் காதருகே பிடித்துப் பார்த்தால் தோராயமாகத் தெரிந்துவிடும். இறங்கிய பிறகு காதில் ஙொய் என்று கேட்டால் செயலியே தேவையில்லை.

பின்னால் வரும் பேருந்தின் ஹாரன் காதில் விழாத அளவு பாட்டு எந்தக் கணக்கிலும் அதிகம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119-ஆம் விதி, பல சுருதியில் ஒலிக்கும் ஹாரனையும் திடுக்கிடச் செய்யும் ஒலிக்கருவிகளையும் தடுக்கிறது. வண்டிக்கு வெளியே குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுவதும் அதே சிக்கலில் மாட்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தனித் தடையும் இருக்கிறது. இயர்போனைச் செருகி ஓட்டுவது இதைவிட மோசம், ஏனென்றால் அது காதை அடைத்துவிடுகிறது. செட்டில் ப்ளூடூத் அழைப்பு வசதி இருந்தால் மைக்கைக் கண்ணாடியின் மேல் மூலையில், காற்று நேராக வீசாத இடத்தில் ஒட்ட வேண்டும். டேஷ்போர்டில் இருக்கும் உள்மைக்கில் எதிர்முனைக்காரருக்கு எஞ்சின்தான் கேட்கும்.

வேலை முடிந்த வண்டியை லோடு ஏற்றும் முன் ஒரு முறை வெறுமனே ஓட்டிப் பார்க்க வேண்டும். மல்லாங்கிணற்றிலிருந்து விருதுநகர் போய்த் திரும்பும் தூரம் போதும். நல்ல சத்தத்தில் பாட்டு ஓடட்டும். நிறுத்தியதும் ஃபியூஸ் பிடி, கன்வர்ட்டர், ஒவ்வொரு இணைப்பு ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். கன்வர்ட்டர் சூடாக இருக்கலாம், கை வைக்க முடியாத அளவுக்கு இருக்கக் கூடாது. ஒயரோ இணைப்போ வெதுவெதுப்பாக இருந்தால் அந்த இடத்தில் தளர்வு இருக்கிறது என்று பொருள். அதைப் பிரித்து மறுபடி அழுத்த வேண்டும். அடுத்த நாள் காலை, சாவி போடும் முன், இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டும் 12.6-ஐ ஒட்டி, ஒன்றுக்கொன்று 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் ஒயரிங் சரி. மாதம் ஒரு முறை இதே அளவை எடுத்துப் பில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைப்பவர்களும் இருக்கிறார்கள்.